சிப் பங்குகளில் பெரிய ஃபண்டுகளின் இருப்பையும் ஷார்ட் அளவையும் படிக்கும் முறை

சென்னையில் இருந்தபடி அமெரிக்க சிப் பங்குகளை வாங்குவோர், கோடையில் மாலை 7 மணிக்கும் குளிர்காலத்தில் 8 மணிக்கும் அங்கே வர்த்தகம் தொடங்கும்போது, ‘பெரிய ஃபண்டுகள் வாங்குகின்றன’ என்ற செய்தியை மட்டும் நம்பி ஆர்டர் போடுவது எனக்குக் கவலை தருகிறது. அந்தச் செய்தி எந்தத் தேதிக்கு உரியது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

10 கோடி டாலருக்குக் குறையாத அமெரிக்கப் பங்குகளை நிர்வகிக்கும் நிறுவனங்கள், காலாண்டு முடிந்த 45 நாட்களுக்குள் தம் பங்கு இருப்பைக் காட்டும் 13எஃப் அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். ஆகவே மே 15 அன்று நாம் காண்பது மார்ச் 31 அன்றைய இருப்பைத்தான். அதில் ஷார்ட் நிலைகள், அதாவது விலை இறங்கும் என்று எண்ணிக் கடன் வாங்கிய பங்கை விற்று, பிறகு திரும்ப வாங்கிக் கொடுக்கும் நிலைகள், இடம்பெறுவதில்லை. புட் ஆப்ஷன் (குறித்த விலையில் பங்கை விற்கும் உரிமை; விலை இறங்கினால் லாபம் தருவது) இருந்தால், அதற்குக் கொடுத்த பிரீமியம் அல்லாமல் அடிப்படைப் பங்குகளின் முழு மதிப்பே காட்டப்படும் என்பதால், தனி வரியாக வரும் ‘புட்’ குறிப்பைத் தவறவிடக் கூடாது. ஒரு குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்டுகளை ஒதுக்கிவிடுங்கள்: 2024 நவம்பர் 8 அன்று டவ் ஜோன்ஸ் குறியீட்டில் இன்டெலுக்குப் பதிலாக என்விடியா சேர்ந்தபோது, அந்தக் குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டுகள் தம் கருத்து எதுவாயினும் அதை வாங்கியே ஆக வேண்டியிருந்தது. விலை ஏறினாலே மதிப்பு உயரும். எனவே பங்குகளின் எண்ணிக்கையை, குறைந்தது மூன்று காலாண்டுகளுக்கு ஒப்பிடுங்கள்.

ஷார்ட் இருப்பை, அதாவது ஷார்ட்டில் விற்று இன்னும் திரும்ப வாங்கப்படாத பங்குகளின் எண்ணிக்கையை, அமெரிக்கத் தரகர்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா என்ற அமைப்பு மாதம் இருமுறை வெளியிடுகிறது. 2 கோடிப் பங்குகள் ஷார்ட்டில் இருந்து, தினசரி வால்யூம் (கைமாறும் பங்குகளின் எண்ணிக்கை) சராசரியாக 50 லட்சம் என்றால், அனைத்தையும் திரும்ப வாங்க 4 நாள் வால்யூம் தேவை. தினசரி ஷார்ட் வால்யூம் வேறு. வாங்கவும் விற்கவும் எப்போதும் விலை கூறும் தரகர்கள் (மார்க்கெட் மேக்கர்கள்) அன்றே முடித்துவிடும் விற்பனையும் அதில் கலந்திருக்கும்.

ஷார்ட் உயர்வு எப்போதும் அவநம்பிக்கை ஆகாது. 2023 பிப்ரவரியில் ஆன் செமிகண்டக்டர் 150 கோடி டாலருக்கு, பங்காக மாற்றத்தக்க கடன்பத்திரங்களை வெளியிட்டது. இத்தகைய பத்திரங்களை வாங்கும் ஃபண்டுகள், தமது அபாயத்தைச் சமன்செய்யப் பங்கை ஷார்ட் செய்வது வழக்கம். மேலும், ஷார்ட் செய்வோருக்குக் கடன் கொடுத்த பங்கு கொடுத்தவரின் கணக்கிலும், அவர்கள் விற்கும்போது அதை வாங்கியவரின் கணக்கிலும் எண்ணப்படுவதால், முதலீட்டு நிறுவனங்கள் வைத்திருக்கும் பங்கு விகிதம் 100 சதவீதத்தைத் தாண்டித் தோன்றுவதும் உண்டு.

அண்மையில் அப்படிப்பட்ட பத்திர வெளியீடு எதுவும் இல்லாமல் ஷார்ட் உயர்ந்தால், நிறுவனத்தின் காலாண்டு அறிக்கையில் சரக்கு இருப்பு விற்பனையை விட வேகமாகப் பெருகுகிறதா என்று பாருங்கள். சிப் தொழிலில் சரிவுக் காலம் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தலைகாட்டுகிறது.