வலிக்கிற இடத்தையே போட்டு அமத்தாதீர்கள்

போன கிழமை, என்னிடம் தையல் பழகுகிற பிள்ளைகளில் ஒருத்தி வெள்ளைச் சட்டைக்குக் கொலர் தைத்துக்கொண்டிருந்தவள், ஐந்து நிமிசத்துக்கு ஒருக்கா மெஷினை நிறுத்தி வலது தோளின் முன்பக்கத்தைக் கட்டைவிரலால் குத்திக் குத்தி அமத்தினாள். கிட்டப் போய்ப் பார்த்தால் அந்த இடம் நீலம் பாரித்துப் போயிருக்கிறது. "என்ன புள்ள இது?" என்று கேட்டேன். "வலிக்குதுக்கா, நல்லா அமத்தினாத்தான் கொஞ்சம் சுகமா இருக்கு" என்றாள். எத்தனை நாளாக என்றால் நாலு மாதமாம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அதே தோள், அதே இடம், அதே கட்டைவிரல். 13 வருசத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன். எனக்குப் பிறகு எத்தனையோ பேர் செய்வதையும் பார்த்துவிட்டேன். ஒவ்வொருத்தரிடமும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரு தரம் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

நான் டொக்டரும் இல்லை, பரிகாரியும் இல்லை. மட்டக்களப்பு ஆரையம்பதியில் 22 வருசமாகத் தையல் மெஷினில் இருக்கிறவள். தோள், கழுத்து, இடுப்பு மூன்றும் மாறி மாறி என்னைப் படுத்தியிருக்கின்றன. ஒரு பிசியோதெரபிஸ்ட் காட்டித் தந்ததும், பிறகு நானே தேடி வாசித்துச் செய்துபார்த்ததும்தான் இதில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் நிற்கிற வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். அந்த மாதிரித் தசை வலியோடு சீவிக்கிறவர்களுக்குத்தான் இது. நிமிர்ந்து இரு, பாரம் தூக்காதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். கீழே தலைப்பாக வைத்திருப்பது ஒவ்வொன்றும் நாங்கள் செய்கிற ஒரு பிழை.

வலிக்கிற இடத்தில்தான் கோளாறு என்று நம்புவது

என் தோள் வலி ஒரு ஹஜ்ஜுப் பெருநாள் நேரத்தில் தொடங்கியது. காத்தான்குடியிலிருந்து நிறைய அபாயா ஓர்டர் வந்திருந்தது, இரவு பதினொன்று வரை மெஷின் ஓடியது. தோளின் முன்பக்கம், மூட்டுக்குள்ளே ஆணி அடித்து வைத்தது போல ஒரு வலி. கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிளவுஸ் கொக்கி மாட்ட முடியாது, அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாது. வலி முன்னால் இருக்கிறது, ஆகவே முன்னால் அமத்தினேன். முதலில் கட்டைவிரல், அது களைத்துப் போனதும் கத்தரிக்கோல் பிடி, அப்புறம் அம்மிக் குழவியின் முனை. அமத்தும்போது ஒரு சுகம் இருக்கும், அதுதான் ஏமாற்றுவது. அரை மணித்தியாலம் போனால் வலி முன்னை விட மோசமாக வந்து நிற்கும்.

பிறகு உருவி விடுவதில் பேர்போனவர் என்று சொல்லி ஒருவரிடம் கூட்டிப் போனார்கள். முழங்கையை முன் தோளில் ஊன்றி முழுப் பாரத்தையும் போட்டார். நான் கத்தக் கத்த, "வலிச்சாத்தான் மகள் சுகம் வரும்" என்றார். மூன்று தரம் போனேன். மூன்றாவது தரம் போய்வந்த அடுத்த நாள் தலை இழுக்கக் கையைத் தூக்க முடியவில்லை. என் மகள்தான் எனக்குத் தலை இழுத்துவிட்டாள். அந்தச் சொல்லை இன்றைக்கும் யாராவது சொன்னால் எனக்கு ஆத்திரம் வருகிறது. வலித்தால்தான் சுகம் வரும் என்று எந்தத் தசையும் கேட்கவில்லை. எட்டு மாதம் போனது. பாதி ஓர்டரைத் துணியாகவே திருப்பிக் கொடுத்தேன். அப்படி வாங்கிப்போனவர்களில் சிலர் திரும்பி வரவே இல்லை.

கடைசியாக ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். அவர் முன்பக்கத்தைத் தொடவே இல்லை. பின்னால் வந்து, தோள்பட்டை எலும்பின் நடுவில் ஒரே ஒரு விரலை வைத்து மெல்ல அமத்தினார். விரல் இருப்பது முதுகில், வலி வருவது முன் தோளில்! எட்டு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த அதே ஆணி வலி. "இதுதானே அது?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த இடத்தில் தோள்பட்டை எலும்பின் மேல் ஒட்டியபடி ஒரு தசை கிடக்கிறது, இன்ஃப்ராஸ்பினேட்டஸ் என்று பேர். கையை வெளிப்பக்கம் திருப்புவதும், தோள் மூட்டின் குமிழைக் குழிக்குள் பிடித்து வைத்திருப்பதும் அதன் வேலை. தைக்கும்போது இரண்டு கையையும் முன்னால் நீட்டி மணிக்கணக்காகத் துணியைப் பிடித்திருக்கிறோம். அவ்வளவு நேரமும் அதற்கு ஓய்வில்லை. களைத்து இறுகிப்போன தசை தான் இருக்கிற இடத்தில் முறையிடாமல், மூட்டின் முன்பக்கத்தில் போய் முறையிடுகிறது.

இது என் உடம்பின் விசித்திரம் இல்லை. 1938 இல் கெல்கிரன் என்ற மருத்துவர், தன்னார்வமாக வந்தவர்களின் தசைக்குள் செறிவான உப்புநீரை ஊசியால் ஏற்றி, வலி எங்கே தெரிகிறது என்று குறித்துக்கொண்டார். ஊசி போட்ட இடத்தை விட்டு வெகு தூரத்தில் வலி தெரிந்தது. பிறகு ஜேனட் ட்ரவெல் என்ற அமெரிக்க டொக்டர், எந்தத் தசை எங்கே வலியை அனுப்பும் என்று படம் படமாகத் தொகுத்தே வைத்தார். ஜனாதிபதி கென்னடியின் முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்து, வெள்ளை மாளிகை மருத்துவராக இருந்தவர் அவர். இப்படி வலியை அனுப்புகிற தசைக்குள் விரலில் தட்டுப்படுகிற முடிச்சு உண்மையில் என்ன என்பதில் மருத்துவர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. ஆனால் ஒரு தசையின் வலி வேறிடத்தில் தெரியும் என்பதில் அந்த வாதம் இல்லை.

நெற்றிப்பொட்டில் வலியா, கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் உள்ள சதையைக் கிள்ளிப் பாருங்கள். குதிக்கால் வலியா, கெண்டைக்காலின் கீழ்ப்பாதியை உள்ளே ஆழமாகத் தடவிப் பாருங்கள். ஆட்டோ ஓட்டுகிற என் தம்பி முறையான ஒருவன் தொடையின் வெளிப்பக்கத்துக்கு மாதக்கணக்காகத் தைலம் பூசினான். கோளாறு இருந்தது பிட்டத்தின் பக்கவாட்டில். காற்சட்டைப் பின்பொக்கற்றில் தடித்த பேர்ஸை வைத்து அதன் மேலேயே நாள் முழுக்க இருந்திருக்கிறான்.

சரி, எப்படித் தேடுவது? வலது தோள் என்றால், முழங்கையை இடுப்போடு ஒட்டி மடித்து, இடது கையை அக்குளுக்குக் கீழால் கொண்டுபோய்த் தோள்பட்டை எலும்பின் மேல் விரல் வையுங்கள். எட்டாவிட்டால் வேறு யாரையாவது வைக்கச் சொல்லுங்கள். இப்போது வலது முன்கையைக் கதவு திறப்பது போல வெளியே திருப்பினால், விரலுக்குக் கீழே தசை எழும்புவது தெரியும். அதுதான் ஆள். பிறகு ஒரு டெனிஸ் பந்தை நீளமான சப்பாத்துக் காலுறைக்குள் போட்டு, காலுறையின் வாயைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டு, சுவரில் சாயுங்கள். சீமெந்துத் தரையில் படுத்துச் செய்யாதீர்கள், அதில் முழுப் பாரமும் இறங்கும், தொடக்கத்தில் தாங்காது. சுவர் என்றால் காலைக் கொஞ்சம் முன்னே பின்னே வைத்து அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பந்தை மெல்ல உருட்டிக்கொண்டே போனால் ஒரு புள்ளியில் உங்கள் பழைய வலி முன் தோளில் வந்து தட்டும். அந்த இடத்தில் மெதுவாக ஐந்தாறு தரம் குறுக்காக உருட்டுங்கள், ஒரு நிமிசத்துக்கு மேல் வேண்டாம்.

எவ்வளவு அமத்துவது என்பதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. தாங்கவே முடியாத வலியைப் பத்து என்று வைத்தால், அமத்தும்போது வருகிற வலி ஐந்து, கூடினால் ஆறு. மூச்சைப் பிடித்துக்கொண்டால், பல்லைக் கடித்தால், தோள் காதுப் பக்கம் ஏறினால் அழுத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் அமத்தினால் தசை தன்னைக் காப்பாற்ற இன்னும் இறுகும். நாளைக்குத் தொட்டால் நோகிறது, நீலம் பாரித்திருக்கிறது என்றால் நீங்கள் தசையைக் காயப்படுத்தியிருக்கிறீர்கள். இரண்டு நாள் விட்டு, பாதி அழுத்தத்தில் தொடங்குங்கள்.

இத்தனையும் தெரிந்த பிறகும் சனம் திரும்பத் திரும்ப முன் தோளுக்கே போகிறது. அந்தப் பிள்ளைக்கு முதுகில் புள்ளியைக் காட்டினேன். வலி முன்னால் வருவதை அவளே உணர்ந்து, சரியென்று தலையாட்டிவிட்டுப் போனாள். அடுத்த நாள் பார்க்கிறேன், கட்டைவிரல் பழைய இடத்தில். கையைத் தட்டிவிட்டேன். அவளில் கோபம் இல்லை. நான் பறிகொடுத்த எட்டு மாதம் கண்ணுக்கு முன்னால் திரும்ப நடப்பதைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

எண்ணெயை நம்பி இருப்பது

பிண்டத் தைலமோ நல்லெண்ணெயோ பாமோ, எது என்றாலும் பூசுங்கள், சூடும் வாசமும் சுகம்தான். ஆனால் பூசிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் அந்தச் சுகம் தோலோடு நின்றுவிடும். தசை இளகியிருக்கிற அந்தப் பத்து நிமிசத்தில் அதை அசைக்க வேண்டும். தோள் என்றால், மேசையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, மற்றக் கையைக் கிணற்று வாளி மாதிரித் தொங்கவிட்டு ஆட்டுங்கள். பிறகு சுவரில் விரல்களால் நடந்து, வலி தொடங்குகிற உயரத்துக்குச் சற்றுக் கீழே வரை ஏறி இறங்குங்கள், பத்துத் தரம். பந்து வழுக்குவதால் எண்ணெய் பூசிய கையோடு பந்தைத் தொடாதீர்கள்.

வலி மாறும் வரை படுத்துக் கிடப்பது

மண்முனைப் பாலம் தாண்டி, கொக்கட்டிச்சோலைப் பக்கம் எங்களுக்கு ஒரு பெரியப்பா இருக்கிறார். பெரும்போக வெட்டு முடிந்து நெல் மூடை ஏற்றியதில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. மூன்று கிழமை கட்டிலை விட்டு இறங்கவில்லை. வீட்டாரும் பாசத்தில் சாப்பாட்டைக் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மூன்று கிழமை கழித்து எழும்பினவருக்கு இடுப்பு வலியும் இருந்தது, காலில் பெலனும் போயிருந்தது. முன்பு டொக்டர்மாரே படு என்றுதான் சொன்னார்கள். இப்போது சாதாரண இடுப்பு வலிக்கு, முடிந்தவரை நடமாடு என்கிறார்கள். பெரியப்பாவுக்கு வளவுக்குள்ளேயே ஐந்து நிமிசம், ஒரு நாளைக்கு மூன்று தரம் என்று தொடங்கினோம். இரண்டு நாளைக்கு ஒரு தரம் ஒரு நிமிசம் கூட்டினோம். நடந்த பிறகு கொஞ்சம் நோகும், அது அடுத்த நாள் காலைக்குள் பழைய அளவுக்கு வந்துவிட்டால் பயமில்லை. வராவிட்டால் கூட்டியதைக் குறைப்போம். இரண்டு மாதத்தில் வாய்க்கால் வரை போய்வந்தார்.

மெஷினில் இருக்கிறவர்களும் இதையே எடுத்துக்கொள்ளுங்கள்: அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்புங்கள். நான் இஸ்திரிக்கைப் பெட்டியை அறையின் மறுமூலையில் வைத்திருப்பது அதற்குத்தான்.

ஒரே இருப்பில் ஒரு மணித்தியாலம் உருவுவது

ஒரு நாளைக்கு ஆறு தரம், ஒவ்வொன்றும் ஒரு நிமிசம். அது போதும்.

சுகம் வந்த அன்றே பந்தை அலுமாரியில் வைப்பது

வலி குறைந்தது வேறு, தசை பெலத்தது வேறு. இரண்டு மூன்று கிழமையில் எனக்கு ஆணி வலி போய்விட்டது, நானும் விட்டுவிட்டேன், தீபாவளி ஓர்டரோடு திரும்ப வந்தது. இரண்டாவது தரம்தான் பெலப்படுத்தும் பயிற்சியைத் தொடங்கினேன். ஒரு பக்கம் சரிந்து படுத்து, மேலே இருக்கிற முழங்கையை விலாவோடு ஒட்டி மடித்து, அரை லீட்டர் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்து முன்கையை மெதுவாக மேலே திருப்பி இறக்குவது. பத்துத் தரம், ஒன்று விட்டு ஒரு நாள். இப்போது ஒரு லீட்டர்ப் போத்தல். இரவில் அந்தக் கை நெஞ்சுக்குக் குறுக்கே விழாமல் ஒரு தலையணையை அணைத்துப் படுக்கிறேன்.

எல்லாவற்றையும் தசை என்று நினைப்பது

இதைக் கவனமாக வாசியுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து நோகிறதா, கையே வைக்காதீர்கள். இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து கட்டியாகி இருக்கலாம், உருவினால் அது கழன்று நுரையீரலுக்குப் போய்விடக்கூடும். நெஞ்சு இறுக்கத்தோடு, வியர்வையோடு, மூச்சு வாங்கலோடு தோளோ கையோ தாடையோ வலித்தால் தைலம் தேடாதீர்கள், இலங்கையில் என்றால் 1990 க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. இடுப்பு வலியோடு தொடையின் உட்பக்கம் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ நின்றுவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரி. விழுந்த பிறகு வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாமல் மெலிவதோடு வரும் வலி, கையோ காலோ பெலனற்றுப் போவது, எல்லாம் டொக்டர் பார்க்க வேண்டியவை.

கையை நீங்களும் தூக்க முடியாது, இன்னொருவர் பிடித்துத் தூக்கினாலும் ஏறாது என்றால், அது தோள் மூட்டே இறுகிப்போனதாக இருக்கலாம். நீரிழிவுக்காரருக்கு அது மற்றவர்களை விட அதிகமாக வரும், பந்தால் தீராது. நீரிழிவால் பாதம் மரத்தவர்களுக்கு அழுத்தமும் சூடும் தெரியாது, ஆகவே காலில் செய்ய வேண்டாம். வார்பரின் போல இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் கேட்காமல் தொடங்கக் கூடாது. கழுத்தின் முன்பக்கத்தை யாருமே அமத்தக் கூடாது, மூளைக்கு இரத்தம் போகிற குழாய் அங்கேதான் ஓடுகிறது.

அந்தப் பிள்ளைக்கு நேற்று ஒரு பழைய காலுறைக்குள் பந்தைப் போட்டு, அவளுடைய மெஷின் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டேன். இன்றைக்கு நான் சொல்லாமலே இரண்டு தரம் எழும்பிச் சுவரில் சாய்ந்தாள். நீலம் இன்னும் மாறவில்லை, மஞ்சளாகத் தொடங்கியிருக்கிறது.