கடல் முள்ளெலி லார்வாக்களுக்கு இரையிடும் முறை

ஜப்பானின் வடகோடியில் உள்ள ஹொக்கைடோ தீவில் எஸோபஃபூன் உனி எனப்படும் கடல் முள்ளெலியை (உடலெங்கும் முட்கள் கொண்ட உருண்டையான கடல் விலங்கு) பொரிப்பகங்களில் வளர்த்துக் கடலில் விடும் வழக்கம் பல பத்தாண்டுகளாக உள்ளது. இந்தக் குறிப்பு அந்த இனத்தையே முன்வைத்து எழுதப்படுகிறது. வெப்பக் கடல் இனங்களை வளர்ப்பவர்கள் நீரின் வெப்பநிலையையும் நாள் கணக்கையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இரையிடும் முறை பெரும்பாலும் ஒன்றுதான்.

முதிர்ந்த விலங்கின் வாயைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வின் வழியாக, லிட்டருக்கு சுமார் 37 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்த கரைசலில் ஓரிரு மில்லிலிட்டரை ஊசியால் செலுத்தினால் சில நிமிடங்களில் அது முட்டையையோ விந்தையோ வெளியிடும். முட்டைகளை வடிகட்டிய கடல்நீரில் சேகரிக்க வேண்டும். விந்தை நீர் படாமல் எடுத்துக் குளிரில் வைத்திருந்து, சேர்க்கும் நேரத்தில்தான் நீர்க்கச் செய்ய வேண்டும். விந்து மிகுந்தால் ஒரே முட்டையில் பல விந்தணுக்கள் நுழைந்து கரு கெட்டுவிடும் என்பதால், முட்டைகளைச் சுற்றிக் கருவுறு சவ்வு எழுந்ததை நுண்ணோக்கியில் கண்டதும் மிகுதி விந்தைக் கழுவி நீக்கிவிடுவது நல்லது. ஒரே தாய் தந்தையரை நம்பாமல், பல ஆண்களையும் பெண்களையும் பயன்படுத்துங்கள்.

கருக்கள் 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் நீரில் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிந்து நீந்தத் தொடங்கும். இரண்டு மூன்று நாட்களில் நான்கு கைகள் கொண்ட புளூட்டியஸ் என்னும் லார்வா (நீந்தித் திரியும் இளநிலை) உருவாகி, அதன் வாய் திறக்கும். இரையிடத் தொடங்க வேண்டியது அப்போதுதான். தொட்டியில் மில்லிலிட்டருக்கு ஒரு லார்வா என்ற அடர்த்தி பாதுகாப்பானது. நீரை நுண்வடிகட்டியில் வடித்துப் புற ஊதா ஒளியில் தூய்மை செய்திருக்க வேண்டும். செம்புக் குழாயோ செம்புப் பொருத்தியோ அந்த நீரைத் தொடவே கூடாது, ஏனெனில் இந்த லார்வாக்கள் செம்புக்கு மிகவும் எளிதில் பலியாகின்றன.

ஜப்பானில் பரவலாகப் பயன்படும் இரை கீட்டோசெரஸ் கிராசிலிஸ் என்ற நுண்பாசி. ஐரோப்பாவில் டுனாலியெல்லாவை விரும்புவோரும் உண்டு. அது தானே நீந்துவதால் அடியில் படிவதில்லை. கீட்டோசெரஸ் படியும் இயல்புடையது. எனவே தொட்டி நீர் மெதுவாகவேனும் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். வேகமான காற்றோட்டம் லார்வாவின் கைகளை முறித்துவிடும்.

நான்கு கை நிலையில் மில்லிலிட்டருக்கு 5,000 செல்கள் என்று தொடங்கி, ஆறு கை, எட்டு கை நிலைகளில் படிப்படியாக உயர்த்தலாம். கணக்கு எளிது. 500 லிட்டர் தொட்டியில் மில்லிலிட்டருக்கு 10,000 செல்கள் வேண்டும், எண்ணிப் பார்த்ததில் 4,000 மீதம் உள்ளது, பாசிக் குடுவையின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 20 லட்சம் என்று வைத்துக்கொண்டால், குறைவாக உள்ள 6,000 செல்களை ஈடுகட்ட ஒன்றரை லிட்டர் பாசி போதும். மீதத்தை எண்ணாமல் நேற்றைய அளவையே இன்றும் ஊற்றுவதுதான் பலரும் செய்யும் தவறு. வளர்ச்சி நின்றுபோன பழைய குடுவையிலிருந்து பாசி எடுப்பதும் அதற்குச் சளைத்ததல்ல, அதனுடன் பாக்டீரியாவும் தொட்டிக்குள் வந்துவிடும்.

அட்டவணையை விட நம்பத்தக்கது லார்வாவின் உடல். நாள்தோறும் இருபது முப்பது லார்வாக்களை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இரை குறைந்த நீரில் லார்வா, பிடிக்கும் பரப்பைப் பெருக்கிக்கொள்ளத் தன் கைகளை நீளமாக வளர்த்துக்கொள்கிறது. ஆகவே நீண்ட மெல்லிய கைகளும் நிறமற்ற வயிறும் ஒருசேரத் தெரிந்தால் அது பசித்திருக்கிறது என்று பொருள். நீண்ட கைகளைக் கண்டு வளர்ச்சி நன்று என்று மகிழ்பவர்கள் உண்டு! இரை போதுமான லார்வாவின் கைகள் சற்றுக் குட்டையாகவும், வயிறு பாசியின் நிறத்தோடும் இருக்கும். வயிறு உப்பி, கழிவு மிகுந்து, அடியில் பழுப்புப் படிவு தோன்றினால் அன்றைக்கு இரையை நிறுத்தி, நீரில் பாதியையோ மூன்றில் ஒரு பங்கையோ மாற்ற வேண்டும். கைகளின் தசை சுருங்கி எலும்புக் குச்சிகள் நுனியில் வெறுமையாகத் துருத்திக்கொண்டிருந்தால் அது பசியன்று, நலக்கேடு. அந்தத் தொட்டியைக் காப்பாற்ற முயல்வதை விட, தேறிய தொட்டிகளிலிருந்து தள்ளி வைப்பதே மேல் என்பது என் கருத்து.

எல்லாம் சரியாக நடந்தால் ஏறத்தாழ மூன்று வாரங்களில் எட்டுக் கை லார்வாவின் இடப்பக்கத்தில், வருங்காலக் குஞ்சின் அடிப்படை உருவம் வயிற்றளவுக்குப் பெருத்து, குழற்கால்கள் அசைவது தெரியும். அப்போது, உல்வெல்லா என்னும் பச்சைப்பாசியோ டயாட்டம் என்னும் நுண்பாசியோ முன்கூட்டியே படரவிடப்பட்ட நெளிவுத் தகடுகள் உள்ள தொட்டிக்கு அவற்றை மாற்ற வேண்டும். வெறும் தகட்டில் படிபவை மிகச் சிலவே.

உருமாறிய குஞ்சு அரை மில்லிமீட்டர் அளவே இருக்கும், முதல் சில நாட்கள் அதற்கு வாயும் திறந்திராது. அந்நாட்களில் கூடுதலாக எதையும் போட வேண்டாம். வாய் திறந்ததும் தகட்டின் படலத்தைச் சுரண்டித் தின்னத் தொடங்கும். தகட்டில் வெளிறிய திட்டுகள் பெருகினால் புதிய தகடுகளைச் சேர்க்க வேண்டும். சுமார் ஐந்து மில்லிமீட்டர் வளர்ந்த பின் கெல்ப் கடற்பாசியைத் துண்டாக்கிக் கொடுக்கலாம்.