எந்த ராமானுஜன்? ஒரே பெயர்க்காரர்களை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கணிதக் கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். இயற்கணித வடிவியல் குறித்து டேவிட் மம்ஃபர்டு மும்பையில் ஆற்றிய உரைகளை ராமானுஜம் எழுத்தாக்கினார் என்று மூலத்தில் ஒரு வரி இருந்தது. பெயர் வந்தால் அடிக்குறிப்பு போடுவது என் வழக்கம். "சீனிவாச ராமானுஜன், 1887இல் ஈரோட்டில் பிறந்து 32 வயதில் மறைந்த கணித மேதை" என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

மெய்ப்புப் பார்த்த நண்பர் அந்தக் குறிப்பின் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "மம்ஃபர்டு எப்போது பிறந்தார்?"

பிறந்தது 1937இல். சீனிவாச ராமானுஜன் மறைந்தது 1920இல். உரைகளை எழுத்தாக்கியவர் சி.பி. ராமானுஜம். 1938இல் சென்னையில் பிறந்து, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, 1974இல் மறைந்தவர். ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் வைத்துப் பார்க்கவில்லை. காரணம் சோம்பல் மட்டும் அல்ல. எனக்குத் தெரிந்த எல்லாமே அந்த வரியோடு அழகாகப் பொருந்திவிட்டன. பெயர் பொருந்தியது, துறை பொருந்தியது. சி.பி. ராமானுஜமும் எண் கோட்பாட்டில் கைவைத்தவர், அவரும் முப்பதுகளிலேயே மறைந்தவர். "எண் கோட்பாட்டில் ஆழ்ந்த ஆய்வு செய்து இளம் வயதில் மறைந்த தமிழ்நாட்டுக் கணிதவியலாளர்" என்று எழுதினால் இருவருக்கும் சரியாக இருக்கும்.

பெயர்க் குழப்பத்தில் நாம் செய்யும் பெரும்பாலான தவறுகளின் வேர் இதுதான். பொருந்துகிற விவரங்களைத் தேடிச் சேர்க்கிறோம், மூன்று கிடைத்ததும் திருப்தி அடைந்துவிடுகிறோம். தேட வேண்டியது இடிக்கிற விவரத்தை. இருபது பொருத்தங்கள் தராத தெளிவை ஒரே ஒரு முரண் தந்துவிடும், அதிலும் ஆண்டு முரண்பட்டால் வாதத்துக்கே இடமில்லை.

இதே பெயரில் மூன்றாவதாக ஒருவரும் உண்டு: சங்கப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன கவிஞர் ஏ.கே. ராமானுஜன் (1929–1993). இவர் இலக்கியக்காரர், இங்கே குழப்பம் வராது என்று நினைப்போம். ஆனால் இவருடைய தந்தை மைசூரில் கணிதப் பேராசிரியர். "ராமானுஜன்", "கணிதம்" என்ற இரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு தேடுகிறவரை வழிதவறச் செய்ய இது போதும்.

முன்னெழுத்தை நம்புவது

முன்னெழுத்து இருந்தால் ஆள் தெளிவாகிவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. எம்.எஸ். என்ற இரண்டு எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி, எம்.எஸ். விஸ்வநாதன், எம்.எஸ். சுவாமிநாதன். ஒருவர் பாடகி, ஒருவர் இசையமைப்பாளர், ஒருவர் வேளாண் விஞ்ஞானி. சுப்புலட்சுமியின் எம் மதுரை, எஸ் அவருடைய தாய் சண்முகவடிவு. விஸ்வநாதனுக்கு எம் என்பது மனயங்கத்து என்ற வீட்டுப் பெயர், எஸ் தந்தை சுப்பிரமணியன். சுவாமிநாதனின் எம் மான்கொம்பு என்ற ஊர், எஸ் தந்தை சாம்பசிவன். எழுத்துகள் அதே இரண்டு, அவற்றுக்குள் ஊரும் வீடும் தாயும் தந்தையும் இருக்கிறார்கள். ஆகவே, முன்னெழுத்து ஒன்றாக இருப்பதை வைத்து உறவு கற்பிப்பதும், எஸ் என்றால் தந்தைதான் என்று முடிவுகட்டுவதும் ஒரே ரகத் தவறுகள்.

வெளிநாட்டு நூலகப் பட்டியல்களில் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அதை அப்படியே நம்பினால் ராமானுஜன் என்றொரு குடும்பம் இருந்ததாகவும், அதில் சீனிவாசன் என்ற பிள்ளை பிறந்ததாகவும் ஆகிவிடும். சீனிவாசன் தந்தையின் பெயர். ராமானுஜன்தான் பிள்ளைக்கு வைத்த பெயர்.

குடும்பப் பெயர் வழக்கில் இருக்கும் இடங்களில் சிக்கல் வேறு மாதிரி. போசான் துகளுக்குப் பெயர் தந்தவர் ஜகதீஷ் சந்திர போஸ் என்று எழுதப்பட்டதை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். அது சத்யேந்திர நாத் போஸ் (1894–1974), 1924இல் தம் கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பியவர். ஜகதீஷ் சந்திர போஸ் (1858–1937) வானொலி அலைகளிலும் தாவரங்களிலும் ஆய்வு செய்தவர். இருவரும் வங்காளிகள், இருவரும் இயற்பியலாளர்கள். போதாக்குறைக்கு மூத்தவர் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இளையவருக்குப் பாடம் நடத்தியவர். வெறும் "போஸ்" என்று ஒரு கட்டுரையில் எழுதிவிட்டு மற்றதை வாசகர் புரிந்துகொள்வார் என்று விடுவது சரியல்ல. சுபாஷ் சந்திர போஸை நினைக்கிறவரும் அந்தப் பக்கத்தைப் படிக்கக்கூடும்.

நம் எழுத்து உண்டாக்கும் ஒற்றுமை

ஆங்கிலத்தில் வெவ்வேறாக இருக்கும் பெயர்கள் தமிழுக்கு வரும்போது ஒன்றாகிவிடுகின்றன. நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினும் தத்துவவாதி ஜே.எல். ஆஸ்டினும் மூலத்தில் ஓர் எழுத்து வேறுபட்டவர்கள். தமிழில் எழுதினால் அந்த வேறுபாடு காணாமல் போகிறது, ஜே என்ற எழுத்தும் சேர்ந்துகொள்கிறது. தத்துவவாதி இந்த ஒற்றுமையை வைத்தே விளையாடியவர். நாவலாசிரியையின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நினைவுக்கு வரும்படி, புலனறிவு பற்றிய தம் உரைகளுக்கு 'சென்ஸ் அண்ட் சென்சிபிலியா' என்று பெயர் வைத்தார். இதைத் தமிழில் குறிப்பிட நேர்ந்தால் "தத்துவவாதி" என்ற ஒரு சொல்லைச் சேர்க்காமல் விடாதீர்கள்.

தாம்சன் இன்னும் மோசம். ஆங்கிலத்தில் நடுவே 'பி' எழுத்து இருப்பவர், இல்லாதவர் எல்லாரும் நம்மிடம் தாம்சன்தான். மூலமொழியில் பெயர் எப்படி எழுதப்படுகிறது என்று பார்க்காமல் தமிழ் வடிவத்தை மட்டும் வைத்துத் தேடினால் தவறான ஆளிடம் போய் நிற்போம்.

தந்தையா, மகனா

தாம்சன்களிடமிருந்து உடனே தப்பிக்கவும் முடியாது. எலக்ட்ரானைக் கண்டறிந்ததற்காகப் புகழ்பெற்ற ஜே.ஜே. தாம்சன் 1906இல் நோபல் பரிசு பெற்றார். அவர் மகன் ஜி.பி. தாம்சன் 1937இல் நோபல் பெற்றார், எலக்ட்ரான் ஆய்வுக்காகவே. தந்தை அதைத் துகள் என்று காட்டினார், மகன் அது அலைபோலவும் நடந்துகொள்கிறது என்று காட்டினார். "எலக்ட்ரானை ஆராய்ந்த, நோபல் பெற்ற இயற்பியலாளர் தாம்சன்" என்ற வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை, ஆனால் அது யாரையும் குறிப்பிடவும் இல்லை.

பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அலெக்சாந்தர் தூமா என்ற பெயரிலேயே தந்தையும் மகனும் எழுதியதால், பெயருக்குப் பின் 'தந்தை', 'மகன்' என்ற சொல்லைச் சேர்த்துவிடுகிறார்கள். 'மூன்று மஸ்கட்டியர்கள்' தந்தையுடையது. மொழிபெயர்ப்பவர்கள் அந்தச் சொல்லை ஏதோ குடும்பப் பெயர் என்று நினைத்து ஒலிபெயர்த்துவிடுவதும், தேவையில்லை என்று வெட்டிவிடுவதும் உண்டு. வெட்டுவதுதான் அதிகச் சேதம். இசையமைப்பாளர் யோஹான் ஸ்ட்ராஸ் விஷயமும் இதேதான்: 'ராடெட்ஸ்கி அணிவகுப்பு' தந்தை அமைத்தது, 'நீல டான்யூப்' மகனுடையது. ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் அந்தக் குடும்பமே இல்லை.

காலத்தை மறப்பது

ஔவையார் பற்றி எழுதும்போது கல்வியில் தேர்ந்தவர்களும் சறுக்குகிறார்கள். அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய சங்க காலப் புலவர் ஒருவர். 'ஆத்திசூடி' பாடியவர் பல நூற்றாண்டுகள் பிந்தையவர். பாடல்களை அடுத்தடுத்துப் படித்தாலே மொழியின் வயது காதில் விழும். ஆனால் நம் மனத்தில் இருப்பது கோலூன்றிய ஒரே ஒரு பாட்டி. அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கிய கையோடு நேராக வந்து குழந்தைகளுக்கு "அறம் செய விரும்பு" என்று சொல்லிக்கொடுத்ததாக எழுதிவிடுகிறோம். அந்தக் கனிக்கு நீண்ட ஆயுள் தரும் சக்தி உண்டு என்ற கதையைத்தான் இதற்கு ஆதாரமாகக் காட்ட வேண்டியிருக்கும்! பள்ளி நாடகத்தில் இருவரையும் ஒருவராக்குவதில் குற்றமில்லை. இலக்கிய வரலாற்றுக் கட்டுரையில் பாடலை மேற்கோள் காட்டும்போது எந்த நூலில் உள்ளது என்று சேர்த்து எழுதினால் போதும், யார் என்பது தானே விளங்கிவிடும்.

ஒருவரை இருவராக்குவது

இது எதிர்ப்பக்கத்துத் தவறு. எச்சரிக்கை மிகுந்தவர்கள் இதில்தான் விழுகிறார்கள். இயன் பேங்க்ஸ், இயன் எம். பேங்க்ஸ் என்று இரண்டு பெயர்களில் நாவல்கள் இருக்கின்றன. ஒன்றில் பொது நாவல்கள், மற்றதில் அறிவியல் புனைவுகள். இருவரும் ஒரே ஸ்காட்லாந்துக்காரர். நம் பக்கத்தில், மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கேற்ற பொறியாளர் எஸ். ரங்கராஜனும் எழுத்தாளர் சுஜாதாவும் ஒரே மனிதர்.

சுஜாதாவின் பெயர்க் கதை தனியாகச் சொல்லத்தக்கது. ரா.கி. ரங்கராஜன் ஏற்கெனவே அதே பெயரில் எழுதிவந்ததால், குழப்பம் வேண்டாம் என்று தம் மனைவி பெயரைப் புனைபெயராக்கிக்கொண்டார். ஒரு பெயரொற்றுமையிலிருந்து தப்பித்துப் புதிய பெயருக்குப் போனால், அங்கே நடிகை சுஜாதா வந்து சேர்ந்தார். ஹாலிவுட்டில் நடிகர் சங்க விதியே ஒரே தொழிற்பெயரில் இருவர் இருக்கக் கூடாது என்கிறது. மைக்கேல் கீட்டனின் பிறப்புப் பெயர் மைக்கேல் டக்ளஸ். அந்தப் பெயரில் ஒருவர் முன்பே நடித்துக்கொண்டிருந்ததால் இவர் மாற வேண்டியதாயிற்று. ஆக, பிறப்புச் சான்றிதழ்ப் பெயரை வைத்துத் தேடுகிறவருக்கு வேறொரு நடிகரின் வாழ்க்கை கிடைக்கும்.

படமும் பட்டியலும்

தேடுபொறி பக்கவாட்டில் காட்டும் பெட்டியை ஆள் உட்கார்ந்து தயாரிப்பதில்லை. படம் ஓரிடத்திலிருந்தும் பிறந்த தேதி வேறிடத்திலிருந்தும் வரலாம். யாராவது பிரபலம் மறைந்த அன்று அதே பெயருள்ள, உயிரோடிருக்கும் இன்னொருவரின் படத்துக்கு அஞ்சலி குவிவது இப்படித்தான். படத்தை எடுப்பதற்கு முன் அது முதலில் வெளியான பக்கத்துக்குப் போய், அங்கே அவருடைய தொழிலோ பதவியோ குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பெயருள்ளவர்களைத் தொகுத்துத் தரும் விக்கிப்பீடியாவின் பக்கவழி நெறிப்படுத்தல் பட்டியல் உதவும், ஆனால் பெரும்பாலும் கட்டுரை உள்ளவர்களே அதில் இருப்பார்கள். நீங்கள் தேடும் ஆள் அதில் இல்லாமலும் இருக்கலாம்.

குற்றச் செய்தி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். வயது, தொழில் எல்லாம் சேர்த்துச் செய்தியில் போடுவது இடத்தை நிரப்ப அல்ல, அதே பெயருள்ள மற்றவர்களைக் காப்பாற்ற.

இரண்டு சர்ச்சில்கள்

தொழிலைச் சேர்த்து எழுத வேண்டும் என்று மேலே சொன்னேன். அது போதாத இடமும் உண்டு. வின்ஸ்டன் சர்ச்சில் என்ற பெயரில் அமெரிக்காவில் ஒரு நாவலாசிரியர் இருந்தார், 1871இல் பிறந்தவர். பிரிட்டிஷ் பிரதமரான சர்ச்சில் 1874இல் பிறந்தவர். அமெரிக்கர் கடற்படைக் கல்விக்கூடத்தில் படித்தார், இவர் ராணுவக் கல்விக்கூடத்தில். அமெரிக்கர் நியூ ஹாம்ப்ஷயர் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார், இவர் நாடாளுமன்றத்தில். இருவரும் எழுதினார்கள், இருவரும் ஓவியம் தீட்டினார்கள். எதைச் சொல்லி இவர்களைப் பிரிப்பது?

1899இல் அவர்களே முடிவு செய்தார்கள். அப்போது அமெரிக்கர்தான் அதிகப் புகழுடையவர். இளைய சர்ச்சில் அவருக்குக் கடிதம் எழுதி, இனித் தம் எழுத்துகளில் வின்ஸ்டன் ஸ்பென்சர் சர்ச்சில் என்று கையெழுத்திடுவதாகச் சொன்னார். தமக்கும் ஒரு நடுப்பெயர் இருந்திருந்தால் சேர்த்துக்கொண்டிருப்பேன் என்று அமெரிக்கர் பதில் எழுதினார். பின்னாளில் அந்த ஸ்பென்சர் சுருங்கி எஸ் என்ற ஓர் எழுத்தானது. பிரதமரின் நூல்களில் அது வின்ஸ்டன் எஸ். சர்ச்சில் என்றே நிற்கிறது. அமெரிக்க நாவலாசிரியரைப் பெரும்பாலோர் மறந்த பின்னும் அந்த எஸ் போகவில்லை.

பழைய புத்தகக் குவியலில் சர்ச்சில் எழுதிய நாவல் கையில் கிடைத்தால், நாவல்தானே, அமெரிக்கருடையது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பிரதமரும் 'சவ்ரோலா' என்று ஒரே ஒரு நாவல் எழுதியிருக்கிறார், 1900இல் நூலாக வந்தது. பெயருக்கு நடுவில் ஸ்பென்சரோ எஸ்ஸோ இருக்கிறதா என்று பாருங்கள்.