அதிகம் ஓடிய பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு விலை போடுவது எப்படி?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போகிறவர்கள் கதவைத் திறந்ததும் குனிந்து பார்ப்பது மீட்டரைத்தான். அதில் 2,20,000 கிலோமீட்டர் என்று இருந்தால் முகம் மாறிவிடும், "ரொம்ப ஓடிடுச்சே" என்று சொல்லிவிட்டு அதற்கு மேல் எதையும் பார்க்காமல் கிளம்பிவிடுவார்கள். பிறகு அதே மாடலில் 40,000 ஓடிய வண்டியை இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கி, முதல் வருஷமே பிரேக், ஹோஸ், கார்புரேட்டர், சீல் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருப்பார்கள். இதைப் பக்கத்தில் இருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். ஓடிய காலத்தில் அந்த வண்டிக்கு என்னென்ன செய்தார்கள், இன்னும் என்னென்ன செய்யாமல் விட்டிருக்கிறார்கள், இந்த இரண்டும் தெரிந்தால்தான் விலை தெரியும். மீட்டர் அதற்கு ஒரு ஆரம்பக் கேள்வி மட்டுமே.

அமெரிக்காவில் இர்வ் கோர்டன் என்ற பள்ளி ஆசிரியர் 1966-ல் புதிதாக வாங்கிய வால்வோ பி1800 காரை ஓட்டி ஓட்டி 2013-ல் 30 லட்சம் மைலைத் தாண்டினார், அதாவது 48 லட்சம் கிலோமீட்டருக்கு மேல். நேரத்துக்கு ஆயில் மாற்றி, நேரத்துக்கு சர்வீஸ் பார்த்து, தினமும் ஓட்டிய வண்டி அது. எல்லா வண்டியும் இப்படி ஓடாதுதான். ஆனால் 2 லட்சம் என்ற எண்ணைப் பார்த்ததும் பயப்பட வேண்டியதில்லை என்பதற்கு இது போதும்.

சரி, முதல் வேலை, மீட்டர் சொல்வதை நம்பலாமா என்று பார்ப்பது. பழைய கார்கள் பலவற்றில் மீட்டருக்கு ஐந்து இலக்கம்தான். 99,999-க்கு அப்புறம் திரும்பவும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும், அதனால் 43,000 என்று காட்டும் வண்டி உண்மையில் 1,43,000 ஓடியிருக்கலாம். மைலா கிலோமீட்டரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், 1 லட்சம் மைல் என்றால் கிட்டத்தட்ட 1,61,000 கிலோமீட்டர். மீட்டர் பொய் சொன்னாலும் வண்டி சொல்லாது. டிரைவர் சீட்டில் ஏறி இறங்கும் பக்கத்து ஓரம், ஸ்டீயரிங்கில் கை பிடிக்கும் இடம், கியர் நாப், பெடல் ரப்பர், கதவுக் கீல் எல்லாம் ஓட்டத்துக்கு ஏற்பத்தான் தேயும்.

ஒருமுறை 38,000 காட்டிய ஒரு காரைப் பார்க்கப் போனேன். மூன்று பெடல் ரப்பரும் புத்தம் புதிது, சீட்டுக்கும் புதுத் தோல். ஆனால் டிரைவர் பக்கத்துக் கதவைச் சாத்தும்போது கொஞ்சம் தூக்கித்தான் சாத்த வேண்டியிருந்தது, மற்ற பக்கத்துக் கதவோ ஒரு விரலால் தள்ளினாலே 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. பானெட்டைத் திறந்தால், உள் ஓரத்தில் ஆயில் மாற்றியதற்கான பழைய ஸ்டிக்கர் ஒன்று பாதி கிழிந்து ஒட்டியிருந்தது, அதில் பேனாவில் எழுதியிருந்த எண் 91,000-சொச்சம். விற்பவருக்கே அது தெரியாமல் இருந்திருக்கலாம், அவரும் அந்த வண்டிக்கு மூன்றாவது ஆளோ நான்காவது ஆளோ. மீட்டரை மாற்றுவது தப்பில்லை, கெட்டுப்போனால் மாற்றித்தான் ஆக வேண்டும், ஆனால் மாற்றியபோது பழைய மீட்டர் எவ்வளவு காட்டியது என்பதற்கு ஒரு பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது ஓட்டம் தெரியாத வண்டி, அந்த விலைதான் போட வேண்டும்.

அடுத்தது பாடி. நிறைய பேர் முதலில் எஞ்சினைத்தான் பார்ப்பார்கள், நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்க எவ்வளவு ஆகும் என்று ஒரு மெக்கானிக்கால் ஏறக்குறைய சொல்லிவிட முடியும். துரு அப்படியில்லை, வெட்டிப் பார்த்தால்தான் உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்றே தெரியும், பல பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் துருவை முழுதாகச் சரி செய்யும் செலவு அந்தக் காரின் விலையையே தாண்டிவிடும்.

துரு எங்கே பிடிக்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், பார்க்கப் போவதற்கு முன்பே படித்து வைத்துக்கொள்ளுங்கள். எம்ஜிபி காருக்குத் தனியாகச் சேஸ் கிடையாது, கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிதான் பாடியின் பலத்தைத் தாங்குகிறது. அது உளுத்துப் போனால் வண்டி நடுவில் தொய்யும், கதவின் பின் ஓரத்து இடைவெளி மேலே குறுகியும் கீழே அகன்றும் இருந்தால் சந்தேகப்படுங்கள். டட்சன் 240இசட் என்றால் தரைத் தகடு, அதற்குக் கீழே ஓடும் ரெயில், அப்புறம் பேட்டரி உட்காரும் தட்டு. முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5-ல் கூரைத் தண்ணீர் வடியும் துவாரம் அடைத்துக்கொண்டால் தண்ணீர் சில்லுக்குள் இறங்கி, பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் உள்ளிருந்து தின்றுகொண்டு வரும். போர்ஷே 911-க்கு 1976 மாடலிலிருந்து துத்தநாகம் பூசிய பாடி வந்தது, அதற்கு முந்தைய வண்டிகளைப் பார்க்கும்போது இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

பெயின்ட் தடிமன் பார்க்கும் சின்னக் கருவி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், போட்ட காசு முதல் வண்டியிலேயே திரும்பிவிடும். தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 100, 150 மைக்ரான் அளவில் இருக்கும். 300 காட்டினால் மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள், 1,000-க்கு மேல் காட்டினால் உள்ளே பட்டி இருக்கிறது. கருவி இல்லையென்றால் துணியில் சுற்றிய சின்னக் காந்தம் போதும், இரும்புத் தகட்டில் எல்லா இடத்திலும் ஒட்டிவிட்டு ஒரு இடத்தில் மட்டும் நழுவினால் அங்கேதான் கேள்வி கேட்க வேண்டும்.

இப்போது எஞ்சின். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், போனதும் பானெட் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். குளிர்ந்த எஞ்சின் கிளம்பும்போது காட்டும் குறைகளைச் சூடான எஞ்சின் மறைத்துவிடும். ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை ஒரு கொத்தாக வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல், ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங், சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் எரிகிறது. காற்றால் குளிரும் பழைய 911-ல் சிலிண்டர்கள் படுத்திருப்பதால், நின்ற வண்டி கிளம்பும்போது கொஞ்சம் புகை தள்ளுவது வழக்கம்தான், அதை வைத்து வண்டியை ஒதுக்காதீர்கள்.

இருபது நிமிஷமாவது ஓட்டுங்கள். நன்றாகச் சூடான பிறகு ஆயில் பிரஷரைக் கவனியுங்கள், எஞ்சின் சுற்றும் ஒவ்வொரு 1,000 ஆர்பிஎம்முக்கும் (நிமிஷத்துக்கு இத்தனை சுற்று) 10 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) என்பது பழைய மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. அப்புறம் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளப்பது. எஞ்சின் சூடாக, எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும். எண் எவ்வளவு பெரியது என்பதை விட சிலிண்டர்கள் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் லீக்டவுன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அடைத்து அது எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. அதில் காற்று எங்கே தப்பிக்கிறது என்பது காதில் கேட்கும்: சைலன்சர் வழியாகச் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடி வழியாக வந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். அதிகம் ஓடிய வண்டிக்கு இந்த ஒரு டெஸ்ட்டின் முடிவு, மீட்டரில் இருக்கும் எண்ணை விட நூறு மடங்கு பேசும்.

மாடலுக்கு உரிய வியாதியும் உண்டு, விலையில் பெரிய வித்தியாசம் அங்கேதான் வரும். 1974 முதல் 1977 வரை வந்த 911-ன் 2.7 லிட்டர் எஞ்சினில் கிரான்க்கேஸ் (எஞ்சினின் அடிக்கூடு) மெக்னீசியம், ஹெட்டைப் பிடித்திருக்கும் ஸ்டட் (நீண்ட போல்ட்) அதிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருவது அதன் தெரிந்த குறை. அதைச் சரி செய்த பில் இருந்தால் 2 லட்சம் ஓடிய வண்டிகூட, சரி செய்யாத 70,000 வண்டியை விட எனக்கு மேல். ஆரம்ப கால எம்எக்ஸ்-5-ன் 1.6 எஞ்சினில் கிரான்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) முனை குட்டையாக இருக்கும், முன் போல்ட் தளர்ந்தால் கிரான்க்கே வீணாகும். முன்னால் இருக்கும் புல்லியில் நான்கு வெட்டு இருந்தால் பழையது, எட்டு இருந்தால் திருத்திய கிரான்க், டார்ச் அடித்தாலே தெரிந்துவிடும். ஃபெராரி டெஸ்டரோசாவில் டைமிங் பெல்ட் மாற்றவே எஞ்சினைக் கீழே இறக்க வேண்டும், பெல்ட் கடைசியாக எந்த வருஷம் மாற்றினார்கள் என்று தெரியாமல் விலை பேசவே கூடாது.

நின்ற வண்டியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குறைந்த ஓட்டத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கிறவர்கள் ஏமாறுவது இதில்தான். ரப்பர் கிலோமீட்டரால் மட்டும் கெடுவதில்லை, வயதாலும் காய்ந்து வெடிக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு உள்ளே துருப்பிடிக்க வைக்கும், பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி இருக்கும், 2316 என்றால் 2016-ம் வருஷத்தின் 23-வது வாரம். பட்டன் முழுசாக இருந்தாலும் பத்து வருஷ டயர் என்றால் நான்கு டயரின் செலவைக் கழித்துவிடுங்கள்.

காகிதங்களுக்குப் பாதி நாள் ஒதுக்குங்கள். எல்லா பில்லையும் தேதிவாரியாக மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கும் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டே வாருங்கள். எண் ஒழுங்காக ஏறிக்கொண்டே வந்தால் ஓட்டம் நிஜம். நடுவில் ஆறு வருஷம் ஒன்றுமே இல்லையென்றால் அந்த ஆறு வருஷம் வண்டி எங்கே இருந்தது என்று கேளுங்கள். "எஞ்சின் வேலை பார்த்தாச்சு" என்று வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை, என்ன பாகம் போட்டார்கள், யார் பார்த்தார்கள், அப்போது மீட்டர் எவ்வளவு என்று மூன்றும் இருந்தால்தான் அதற்கு விலை. எஞ்சின் எண், சேஸ் எண் தொழிற்சாலையில் இருந்தபடியே இருக்கின்றனவா என்பதும் பெரிய விஷயம், ஜாகுவார் ஈ-டைப் போன்ற காருக்கு ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் ட்ரஸ்ட் தரும் சான்றிதழை வைத்து ஒப்பிடலாம். ஒரு எம்எக்ஸ்-5-ல் எஞ்சின் மாறியிருந்தால் பெரிய இழப்பில்லை, ஈ-டைப்பில் மாறியிருந்தால் விலை கணிசமாக இறங்கும்.

இனி கணக்கு. விளம்பரத்தில் கேட்கிற விலையை விட்டுவிடுங்கள், ஏலங்களில் உண்மையில் விற்ற விலையைப் பாருங்கள். ஹேகர்ட்டி போன்ற விலைக் கையேடுகள் காரின் நிலையை 1 முதல் 4 வரை பிரிக்கின்றன, 1 என்றால் கண்காட்சித் தரம், 4 என்றால் ஓடும் ஆனால் குறை தெரியும். அதிகம் ஓடி, நன்றாகப் பராமரித்த கார் பெரும்பாலும் 3-ல் உட்காரும். அதே மாடல், அதே வருஷம், அதே நிலையில் விற்ற விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். டயரும் பெல்ட்டும் மாற்ற 9 ஆகும் என்றால் 91. இரண்டாவது கியர் குளிரில் கரகரக்கிறது, கியர்பாக்ஸ் பிரிக்க 10, மிச்சம் 81. பில் இல்லாத ஆறு வருஷத்துக்கு ஒரு 5. இப்போது 76. எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் வண்டிக்கு மெக்கானிக்கிடம் கேட்டு எழுதுங்கள்.

ஓட்டத்துக்கு என்று தனியாக எவ்வளவு குறைப்பது? குறைந்த எண்ணிக்கையில் வந்த, சேகரிப்பவர்கள் தேடும் மாடலில் 10,000-க்கும் 60,000-க்கும் நடுவே விலை செங்குத்தாக விழும், அங்கே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காசு. ஓட்டுவதற்காக வாங்கப்படும் மாடல்களில் 1,80,000-க்கும் 2,20,000-க்கும் நடுவே எனக்குத் தெரிந்து பெரிய வித்தியாசமே இல்லை, தேய்மானத்தை ஏற்கெனவே கழித்துவிட்ட பிறகு அதையே ஓட்டத்தின் பெயரால் இன்னொரு முறை கழிப்பது விற்பவருக்கு நியாயமில்லை. இதில் வாங்குபவருக்கும் லாபம் உண்டு, நீங்கள் இன்னும் 30,000 ஓட்டினாலும் திரும்ப விற்கும்போது அநேகமாக எதுவும் குறையாது. மாற்றிப் போட்ட சஸ்பென்ஷன், சக்கரத்துக்கெல்லாம் கூடுதல் தராதீர்கள். கழற்றிய ஒரிஜினல் பாகங்கள் பெட்டியில் பத்திரமாக இருந்தால் அதற்குத் தாராளமாகத் தரலாம்.

இந்தக் கணக்கை எழுதிய தாளை விற்பவர் முன்னாலேயே விரித்து வைத்துப் பேசுங்கள். கழித்த ஒவ்வொன்றுக்கும் காரணத்தைக் காட்டுங்கள், வண்டியைப் பார்த்துப் பார்த்து வளர்த்தவருக்கு வெறும் "ரொம்ப ஓடிடுச்சு" என்ற பேச்சுத்தான் கோபம் வரவைக்கும், கரகரக்கும் கியரைக் காட்டினால் ஒத்துக்கொள்வார். கியர்பாக்ஸ் வேலை போன மாதமே முடிந்துவிட்டது, கரகரப்பு வேறு காரணம் என்று அவர் சொன்னால் பில்லைக் கேளுங்கள். பில் வந்தால் அந்த 10-ஐத் திரும்பச் சேர்த்துவிட்டு, கரகரப்புக்கு உண்மையான காரணம் க்ளட்சா என்று இன்னொரு தரம் ஓட்டிப் பாருங்கள்.