கடைத்தெருவில் ஒரு துப்பு விளையாட்டு: முதல்முறை செய்பவர்களுக்கான செய்முறை

தீபாவளி நெருங்கும்போது கடைக்காரர்கள் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஃபேஸ்புக்ல ஒரு விளம்பரம் போட்டுக் குடு தம்பி." போடலாம். ஆனால் மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரிச் சிறு ஊரில் அந்த விளம்பரத்தைப் பார்ப்பவர் அந்தக் கடையைத் தினமும் மோட்டார் சைக்கிளில் தாண்டிப் போகிறவர்தான். கடை இருப்பது அவருக்கு நன்றாகவே தெரியும். வண்டியை நிறுத்தி இறங்கத்தான் காரணம் இல்லை. அந்தக் காரணத்தை உருவாக்கிக் கொடுப்பதுதான் எங்களைப் போன்ற சிறு டிஜிட்டல் நிறுவனங்கள் உருப்படியாகச் செய்யக்கூடிய வேலை என்று நான் நம்புகிறேன். அது விளையாட்டாக அமைந்துவிட்டால் பிள்ளைகளே அப்பா அம்மாவை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

நாம் செய்யப்போவது இதுதான். ஆறு கடைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கியூஆர் குறியீடு. ஸ்கேன் செய்தால் ஒரு கேள்வி வரும். கடைக்குள் நின்று பார்த்தால்தான், அல்லது கடைக்காரரிடம் கேட்டால்தான் விடை கிடைக்கும். சரியாக எழுதினால் அடுத்த கடைக்கான துப்பு வரும். ஆறையும் முடித்தவருக்குப் பரிசு. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஒரு கூகுள் கணக்கும் ஒரு பிரிண்டரும் போதும்.

செயலி எதற்கு? வேண்டாம்

இடத்தை வைத்து விளையாடுவது புதிதல்ல. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையை அமெரிக்க அரசு வேண்டுமென்றே துல்லியம் குறைத்து வைத்திருந்தது. 2000 மே 2 அன்று அதை நிறுத்தியது. மறுநாளே ஒருவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியில் சில பொருள்களை ஒளித்து வைத்து, இருக்கும் இடத்தின் எண்களை இணையத்தில் போட்டார். ஜியோகேஷிங் என்ற விளையாட்டு அப்படித்தான் தொடங்கியது. 2016 ஆகஸ்டில் போக்கிமோன் கோ என்ற கைபேசி விளையாட்டு மலேசியாவுக்கு வந்தபோது கைபேசியைப் பார்த்தபடி பிள்ளைகள் தெருவில் நடந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதே ஆண்டில் ஜப்பானில் மெக்டோனால்ட்ஸ் தன் ஏறக்குறைய 3,000 கடைகளை அந்த விளையாட்டின் களங்களாக்கியது. விளையாட வருகிறவர் பசித்தால் அங்கேயே சாப்பிடுவார் என்ற எளிய கணக்கு.

அதைப் பார்த்துவிட்டு "நாமும் ஜிபிஎஸ் செயலி செய்வோம்" என்று கிளம்பாதீர்கள். திறந்த வானத்தின் கீழ் சாதாரண கைபேசியின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் வரை பிசகும். நம் ஊர்ப் பழைய கடைவரிசையில் ஒரு கடையின் முகப்பே ஏறக்குறைய 20 அடிதான், அதாவது 6 மீட்டர். மேலே கட்டடம் மூடிய அஞ்சடியில், அதாவது கடை முன்னுள்ள நடைபாதையில், நின்றால் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி இன்னும் அதிகமாகப் பிசகும். ஜவுளிக்கடையில் நிற்பவரைக் கைபேசி பக்கத்து முடிதிருத்தும் கடையில் காட்டும். சுவரில் ஒட்டிய குறியீட்டுக்கு அந்தக் குழப்பம் கிடையாது. அதோடு, ஒரு மாலைப் பொழுது விளையாட்டுக்காக எந்த ஆன்ட்டியும் செயலி இறக்கப்போவதில்லை.

படி 1: கணினியைத் திறக்காமல் ஊரை நடந்து பாருங்கள்

விளையாட்டு எந்த நேரத்தில் நடக்குமோ அதே நேரத்தில் நடங்கள். சனிக்கிழமை மாலை 5 மணி என்றால் சனிக்கிழமை மாலை 5 மணிக்கே. வண்டிகள் எங்கே குவிகின்றன, எந்த முனையில் சாலையைக் கடப்பது ஆபத்து, எந்த அஞ்சடியில் வழியை அடைத்துப் பொருள் வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் கூகுள் மேப்பில் தெரியாது. அக்டோபர், நவம்பரில் மாலையில் இடியோடு மழை கொட்டும். அதனால் கூரைக்குக் கீழேயே நடக்கக்கூடிய வரிசையில் கடைகளைத் தேர்ந்தெடுங்கள். முழு வழியும் நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. பாட்டியும் கூட வருவார் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

தோட்டத்துக்குள் யாரையும் அனுப்பாதீர்கள். செம்பனைத் தோட்டம் தனியார் நிலம். டிராக்டர் ஓடும், பாம்பு இருக்கும், காவலாளி நிறுத்துவார். தோட்டத்தின் நினைவுகளைக் கேள்வி வழியாக ஊருக்குள் கொண்டு வரலாம். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

இன்னொன்று. எல்லா இடமும் விளையாடும் இடமல்ல. 1948 ஜூன் 16 அன்று இவ்வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டித்தான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. வரலாற்று ஆர்வத்தில் அதையும் துப்பாக்கலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். வாஷிங்டனில் உள்ள யூதப் படுகொலை நினைவு அருங்காட்சியகம் 2016இல் தன் வளாகத்தைப் போக்கிமோன் கோவிலிருந்து நீக்கச் சொன்னது. உயிர் போன இடத்தில் பரிசு தேடுவது சரியில்லை. கோயில் வாசலையும் நிர்வாகத்தைக் கேட்காமல் சேர்க்காதீர்கள்.

படி 2: கடைக்காரரிடம் உட்கார்ந்து பேசுங்கள்

"உங்களுக்கு எந்த நேரம் கடை வெறிச்சோடிக் கிடக்கும்?" இந்த ஒரு கேள்வி போதும். லைக், ஃபாலோவர் பேச்செல்லாம் வேண்டாம். அவர் சொல்லும் நேரத்தை வைத்துத்தான் விளையாட்டு நேரத்தை முடிவு செய்ய வேண்டும். கூட்டம் நெரியும் நேரத்தில் இன்னும் இருபது பிள்ளைகளை உள்ளே அனுப்பினால் அடுத்த வருடம் நமக்குக் கதவு திறக்காது.

நமக்குத் தரும் கட்டணத்தைக் கடைகள் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளட்டும். பெரிய கடைக்கு இரண்டு துப்பு, சின்னக் கடைக்கு ஒன்று என்று பேரம் பேசினால் சண்டைதான் மிஞ்சும்.

படி 3: கேள்விகள்

விளையாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நேரத்தில் பாதியை இதற்கே செலவிடுங்கள்.

தேடினால் கிடைக்கும் விடை உதவாது. நம்மூரில் பிறந்த முன்னாள் அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன், பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலால் தொழிலாளர்கள் வீடும் வேலையும் இழந்தபோது தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் எந்த ஆண்டு உருவானது? நல்ல கேள்வி மாதிரித் தெரியும். ஆனால் கைபேசியில் தட்டினால் 1960 என்று வந்துவிடும். வீட்டில் சோபாவில் படுத்துக்கொண்டே விளையாடி முடித்துவிடுவார்கள்.

மாவு மில்லை எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முன்பு அங்கே போய் நின்றால் தும்மல் வரும். வரிசையாக மில்லோ டின்களும் பிளாஸ்டிக் வாளிகளும் இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் டேப் ஒட்டி, மார்க்கர் பேனாவில் பெயர், பக்கத்தில் "மல்லி", "மிளகாய்", "முறுக்கு மாவு". மூடியில் கைப்பிடி உடைந்த டின்னுக்குக் கயிறு கட்டியிருப்பார்கள். மெஷினிலிருந்து சூடாக இறங்கும் தூளை மில்காரர் உள்ளங்கையில் வாங்கி விரலால் தேய்த்துப் பார்ப்பார். இங்கே "மெஷினுக்கு எத்தனை பெல்ட்?" என்று கேட்டால் எண்ணிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். "மிளகாய் அரைத்த மெஷினில் முறுக்கு மாவு அரைக்கும் முன் எதைப் போட்டு ஓட்டுவார்கள்?" என்று கேளுங்கள். பிள்ளைக்குத் தெரியாது, அம்மாவுக்குப் பாதி தெரியும், மில்காரரிடம் கேட்டே ஆக வேண்டும். கொஞ்சம் அரிசி போட்டுக் காரத்தை எடுப்போம் என்று அவர் சொல்லத் தொடங்கினால் அங்கே ஐந்து நிமிடம் பேச்சு ஓடும். அந்தப் பேச்சுதான் விளம்பரம். அடுத்த முறை பாக்கெட் தூள் வாங்கக் கை போகும்போது அந்தப் பெண்மணிக்கு அவர் முகம் நினைவுக்கு வரும்.

கியூஆரைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி ஏமாற்றலாமே என்று கேட்பீர்கள். அனுப்பலாம்தான். அதனால் இரண்டு கடைகளிலாவது விடை தினமும் மாறட்டும். பூக்கடைக்காரர் சிறு பலகையில் அன்றைய எண் ஒன்றை எழுதி வைக்கலாம். விடை மாறும் கடைகளின் படிவத்தைத் தினமும் காலையில் மறக்காமல் மாற்ற வேண்டும்.

ஆறில் ஒரு கேள்விக்குச் சரியான விடையே இருக்கக்கூடாது. "தோட்டத்தில் வாழ்ந்த ஒருவரிடம் கேளுங்கள்: காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) எத்தனை மணிக்கு எழுந்தார்கள்? பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) யார் கொண்டுபோய் விட்டார்கள்?" என்ன எழுதினாலும் அடுத்த துப்பு கிடைக்கும். நிலநிதிச் சங்கத்தையும் இங்கே சேர்க்கலாம்: "உங்கள் வீட்டில் யாராவது அதில் பங்கு எடுத்திருந்தார்களா?" தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், பிறந்து வளர்ந்த பிள்ளை இதைத் தாத்தாவிடம் கேட்க ஒரு சாக்கு கிடைக்கிறது. இந்தப் பதில்களைப் பிறகு வெளியிட வேண்டுமானால் படிவத்திலேயே அனுமதி கேட்டுவிடுங்கள்.

படி 4: படிவம்

கடைக்கு ஒரு கூகுள் ஃபார்ம் என்று ஆறு தனிப் படிவங்கள் செய்யுங்கள். ஒரே படிவத்தில் ஆறு பகுதிகளாகப் போட்டால் நடுவில் பக்கம் மூடிப்போகும்போது கணக்கில் நுழையாதவர்களுக்கு எழுதியதெல்லாம் போய்விடும்.

ஒவ்வொன்றிலும் 'ஷார்ட் ஆன்சர்' வகையில் ஒரு கேள்வி. அதைக் கட்டாயமாக்குங்கள். அதன் மூன்று புள்ளி மெனுவில் 'ரெஸ்பான்ஸ் வேலிடேஷன்' இருக்கும். விடை எண் என்றால் 'நம்பர்', 'ஈக்வல் டு' என்று வைத்து எண்ணைக் கொடுங்கள். தவறாக எழுதினால் படிவம் நகராது. பிழைச் செய்தி எழுத ஓர் இடம் உண்டு. அதில் "தவறு" என்று போடாமல் "கடைக்காரரிடம் இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள்" என்று போடுங்கள்.

விடை சொல்லாக இருந்தால் ஒருவர் தமிழில் எழுதுவார், ஒருவர் மலாயில், ஒருவர் தமிழை ரோமன் எழுத்தில். 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்', 'கன்டெய்ன்ஸ்' என்று தேர்ந்தெடுத்து, ஏற்கக்கூடிய எல்லா வடிவங்களையும் நடுவில் நேர்கோடு போட்டு எழுதலாம்: அரிசி|பெராஸ்|ரைஸ் என்பது போல. மலாய், ஆங்கிலச் சொற்களை அவற்றின் எழுத்திலேயே சேருங்கள். முடிந்தவரை எண் விடையாகவே வைத்தால் தலைவலி குறையும்.

அடுத்து, 'செட்டிங்ஸ்' பகுதியில் 'கன்ஃபர்மேஷன் மெசேஜ்'. அனுப்பிய பிறகு தெரியும் வாசகம் அது. அடுத்த கடைக்கான துப்பை அங்கேதான் எழுத வேண்டும். 'ஒருவருக்கு ஒரு பதில்' என்ற கட்டுப்பாட்டை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும், பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து விடையைக் கண்டுபிடிக்க முடியும். ஆகவே தங்கச் சங்கிலி மாதிரிப் பெரிய பரிசை இதில் வைக்காதீர்கள்.

தொலைபேசி எண்ணைக் கடைசிப் படிவத்தில் மட்டும், பரிசுக்காக மட்டும் கேளுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 நம் வேலைக்கும் பொருந்தும். எதற்கு வாங்குகிறோம், யாரிடம் இருக்கும் என்ற அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தமிழிலும் போடுங்கள், நம் ஆட்கள் படிக்க வேண்டுமே.

படி 5: குறியீட்டை அச்சடித்து ஒட்டுதல்

ஒவ்வொரு படிவத்தின் இணைப்பையும் ஒரு கியூஆர் குறியீடாக மாற்ற வேண்டும். இலவச இணையதளங்களில் அந்தத் தளத்தின் வழியாகச் சுற்றிப் போகும் 'டைனமிக்' வகைக் குறியீடு எடுத்தால் சோதனைக் காலம் முடிந்ததும் செத்துப்போகலாம். படிவத்தின் முகவரியே நேராக உள்ளே இருக்கும் 'ஸ்டாட்டிக்' வகையை எடுங்கள். பிழைத்திருத்த அளவு கேட்டால் எச் (H) கொடுங்கள்; குறியீட்டில் சுமார் 30 சதவீதம் அழுக்கானாலும் கிழிந்தாலும் படிக்கும். மாவு மில்லுக்கும் ஒட்டுக்கடைக்கும் இது அவசியம். வெள்ளைத் தாளில் கறுப்பு மையே நல்லது. சுற்றிலும் வெள்ளை ஓரம் விடுங்கள். குறியீட்டிலுள்ள சிறு கட்டங்களில் குறைந்தது நான்கின் அகலம் வேண்டும். எட்ட நின்று ஸ்கேன் செய்யும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு போதும்: 30 சென்டிமீட்டருக்கு 3 சென்டிமீட்டர். பளபளப்பான லேமினேஷன் குழல்விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் கூசும், கைபேசிக்கும் அப்படித்தான். மேட் தாளே நல்லது.

முக்கியமாக, கல்லாவில் பணம் கட்ட வைத்திருக்கும் டுயிட்நவ் குறியீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டவே ஒட்டாதீர்கள். விளையாட வந்தவர் பணம் செலுத்தும் பக்கத்துக்குப் போவார், பணம் கட்ட வந்தவருக்குத் துப்பு வரும். நம்முடையதைச் சுற்றிப் பெரிய மஞ்சள் சட்டம் போட்டு வேறு சுவரில் ஒட்டுங்கள். கடைக் கண்ணாடியில் ஒட்டக் கடைக்காரரின் சம்மதம் போதும். விளக்குக் கம்பம், பேருந்து நிறுத்தம் என்றால் நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும்.

படி 6: ஒத்திகை, பரிசு

ஆறாம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளையையும், வாட்ஸ்அப் மட்டும் தெரிந்த ஒரு பெரியவரையும் அனுப்பி, நீங்கள் வாயைத் திறக்காமல் பின்னால் நடந்து போங்கள். அவர்கள் நிற்கும் இடமெல்லாம் சரிசெய்ய வேண்டிய இடம்.

பரிசு கடைகளிலிருந்தே வரட்டும்: முறுக்கு, ஒரு முழம் மல்லிகை, ஒரு கிலோ மாவு இலவசமாக அரைத்துத் தருவது. பங்கேற்கக் காசு வாங்கிக்கொண்டு சீட்டுக் குலுக்காதீர்கள், 1952ஆம் ஆண்டு லாட்டரிச் சட்டம் இருக்கிறது. முடித்தவர் எல்லாருக்கும் சிறு பரிசு என்பதுதான் எனக்குப் பிடித்த முறை.

படி 7: முடிந்த பிறகு

ஒவ்வொரு பதிலும் வந்த நேரம் கூகுள் ஷீட்டில் தானாகவே பதிவாகும். எந்தக் கடைக்கு எத்தனை மணிக்கு எத்தனை பேர், எந்தக் கேள்வியில் அதிகம் பேர் விலகினார்கள் என்பது பார்த்தாலே தெரியும். வாங்கினார்களா என்று மட்டும் தெரியாது; அதற்குக் கடைக்காரர் நோட்டில் கோடு போட்டு வைக்கச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதி, மின்னஞ்சலில் அனுப்பாமல், நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். குறைவாக வந்த கடைக்கும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அவர்தான் அடுத்த முறை நல்ல கேள்வி யோசித்துத் தருவார்.

அப்புறம் படிவங்களில் பதில் வாங்குவதை நிறுத்தி, "விளையாட்டு முடிந்தது, கடை திறந்திருக்கிறது" என்று ஒரு வரி போடுங்கள். பரிசு கொடுத்து முடித்ததும் தொலைபேசி எண்களை அழித்துவிடுங்கள். ஸ்டிக்கர்களை நீங்களே போய்க் கழற்றி, பசை இருந்தால் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.