பேச்சை அளக்க ஒரு கோடு

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். கும்பகோணம் – தஞ்சாவூர் தடத்தில் அவர் வாய்ப்பேச்சுக்கே சிலர் அந்த பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். அதே மனிதரைப் பத்தொன்பது வருடமாக நான் ‘உம்மணாமூஞ்சி’ என்று திட்டி வந்தேன். யார் சொல்வது சரி என்று பார்க்கத்தான் போன ஆடியில் இதைச் செய்தோம். உளவியல் படிக்கும் மகள் சொல்லிக்கொடுத்த வழி.

ஆளுக்கொரு நோட்டு. அதில் சரியாக 10 சென்டிமீட்டருக்குக் கோடு போடுங்கள்; வலியின் அளவைச் சொல்ல நோயாளியிடம் நீட்டுவதும் இதே நீளக் கோடுதான். நடுவில் எண் போடக்கூடாது. போட்டால் கை தானாக அங்கே போய் நிற்கும்.

முனைகளில் என்ன எழுதுவது? நான் ‘உம்மணாமூஞ்சி’, ‘வாயாடி’ என்று எழுதினேன். "திட்டை எழுதி வைத்தால் யாரம்மா உண்மையாகப் புள்ளி வைப்பார்கள்?" என்று மகள் அந்த வார்த்தைகளை அடித்துவிட்டாள். இடப்பக்கம் ‘யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை’, வலப்பக்கம் ‘பேச்சை நிறுத்த மனமில்லை’ என்று மாற்றினோம்.

விடியற்காலை, மதியம், இரவு என்று தினம் மூன்று கோடு, மூன்று புள்ளி, இரண்டு வாரம். அவரவர் கோட்டில் அவரவர்தான் வைக்க வேண்டும். அடுத்தவர் நோட்டைப் பார்க்கக் கூடாது. நான்காம் நாள் நான் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். கண்டுபிடித்தவர், அன்றிரவு புள்ளியைக் கோட்டுக்கு வெளியே வைத்தார்.

கடைசியில் இடது முனையிலிருந்து மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். நான் தையற்காரி, இஞ்ச் டேப்பின் மறுபக்கமே போதுமானதாக இருந்தது. உடனே கூட்டி வகுத்துவிடாதீர்கள். தனக்குள் ஒடுங்குகிறவர் உள்முகம், பிறரோடு கலகலப்பாகப் பழகுகிறவர் வெளிமுகம் என்ற பிரிவை, சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-இல் ஒரு நூலில் எழுதி உலகறியச் செய்தார். அதைப் பிடித்துக்கொண்டு மனிதர்களை இரண்டு பெட்டியில் அடைக்கிறோம். உண்மையில் இது ஜாக்கெட் அளவு மாதிரி. 34, 36 நிறைய வரும். 28-உம் 44-உம் எப்போதாவதுதான். ஜாக்கெட் அளவாவது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாறாது. வில்லியம் ஃப்ளீசன் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களை இப்படித் தினமும் பல முறை குறிக்கச் சொல்லி 2001-இல் எழுதியிருக்கிறார்: ஒரே ஆள் நேரத்துக்கு நேரம் வெகுதூரம் நகர்கிறார், சராசரி மட்டும் வாரத்துக்கு வாரம் அதிகம் மாறுவதில்லை.

ஆகவே ஒரே நேரத்துப் புள்ளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எங்கள் நோட்டில் இரவு ஒன்பது மணிக்கு அவர் 7, நான் 88. நாள் முழுக்கப் பயணிகளோடு கத்திவிட்டு வருகிறவர் அவர். நாள் முழுக்க மிஷினோடு தனியாக இருந்தவள் நான். விடியற்காலை நாலே முக்காலுக்கோ அவர் 61, நான் 55! அந்த நேரத்தில் நாங்கள் பேசிப் பார்த்ததே இல்லை.

செலவு, கோபம், சுத்தம் என்று எதற்கும் இப்படிக் கோடு போடலாம். ஒரு கோட்டில் ஒன்றுதான். கோபத்தை மட்டும் சண்டை நடக்கும்போதே குறிக்காதீர்கள், பென்சில் உடையும்.

இப்போது குழாய் ரிப்பேர், மகள் கல்லூரிக் கட்டணம், மாமியார் மருந்து எல்லாம் முதல் டிரிப்புக்கு முந்தைய டீயோடு முடிந்துவிடுகின்றன. இரவில் அவர் சாப்பிட்டு எழும்வரை நான் மிஷினுக்கு எண்ணெய் விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் சிக்கல்: அன்று அவர் 80-ஐத் தாண்டுகிறார், எனக்குத் தலை வலிக்கிறது.