ஹெட் கேஸ்கெட்: அளக்காமல் மூடினால் மறுபடியும் திறக்க வேண்டியதுதான்

சனிக்கிழமை சாயந்திரம் சென்னை ஜி.பி. ரோட்டில் கேஸ்கெட் செட் வாங்குவது, ஞாயிறு காலை ஹெட்டைக் கழற்றுவது, இருட்டுவதற்குள் மூடி ஸ்டார்ட் செய்வது. சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் அதை மேலிருந்து மூடும் ஹெட்டுக்கும் நடுவே இருந்து கசிவைத் தடுக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். பழைய மாருதி 800-ஐ வீட்டு வாசலிலேயே சரிசெய்யக் கிளம்புகிறவர்களின் திட்டம் பெரும்பாலும் இதுதான். மூன்று சிலிண்டர், 796 சிசி, கார்புரேட்டர், பானெட்டைத் திறந்தால் கை நுழைய இடம். வேலை பழக நல்ல வண்டிதான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையில் அளப்பதற்கென்று அரை மணி நேரம்கூட யாரும் ஒதுக்குவதில்லை. இன்று கைதேர்ந்தவர்களாக இருப்பவர்களும் ஒரு காலத்தில் விழுந்த குழி இது. புதிதாக வருகிறவர்கள் அதே குழியில், அதே இடத்தில் கால் வைக்கிறார்கள்.

பேட்டரி வயரைக் கழற்றுவது, கூலன்டை வடிப்பது, ஹோஸ்களுக்கு அடையாளம் ஒட்டுவது இவையெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடலாம்.

சூட்டோடு கழற்றுவது

கூடாது. ராத்திரி முழுக்க வண்டி நிற்கட்டும்.

ஸ்க்ரூடிரைவரால் நெம்புவது

ஹெட் போல்ட்டுகளை இறுக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகிறோம். கழற்றும்போது அதற்கு நேர்மாறாக, ஓரத்து போல்ட்டிலிருந்து நடுவுக்கு வர வேண்டும். ஒவ்வொன்றையும் கால் சுற்று, அரைச் சுற்று என்று இரண்டு மூன்று தடவையாகத் தளர்த்துங்கள். ஒரு போல்ட்டை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போனால், நன்றாக இருந்த ஹெட்டும் வளைய வாய்ப்புண்டு.

போல்ட் எல்லாம் வந்தபிறகும் ஹெட் அசையாது. அந்த நேரத்தில் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே ஸ்க்ரூடிரைவர் போகும். அலுமினியத்தில் விழுகிற அந்த ஒரு கீறல் வழியாகத்தான் நாளைக்குத் தண்ணீர் கசியும். பக்கவாட்டில் கெட்டியாகத் துருத்திக்கொண்டிருக்கும் பகுதியில் மரக்கட்டையை வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டினால் விட்டுக்கொடுக்கும். அப்படியும் வரவில்லை என்றால் எங்கோ ஒரு போல்ட் மிச்சம் இருக்கிறது, எண்ணிப் பாருங்கள்.

கழற்றிய ஹெட்டை அப்படியே தரையில் குப்புற வைக்காதீர்கள். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் ஹெட்டிலேயே இருப்பதால் எப்போதும் ஏதாவது ஒரு வால்வு திறந்து, கீழே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு ஓரத்திலும் மரச்சட்டம் கொடுத்து வையுங்கள்.

அளக்காமல் மூடுவது

எரிச்சலூட்டுகிற தவறு இதுதான். இந்தச் சமாச்சாரம் ஒன்றும் ரகசியமில்லை, எல்லா சர்வீஸ் மேனுவலிலும் படத்தோடு போட்டிருக்கிறது. இருந்தும் பத்துப் பேரில் ஒருவர்கூடச் செய்வதாகத் தெரியவில்லை.

வழக்கமாக நடப்பதைச் சொல்கிறோம். மே மாதம், ஓ.எம்.ஆர். நெரிசல், டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடுகிறது. 'வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்' என்று இன்னும் நாலு கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள். கேஸ்கெட் போய், தண்ணீர் கலந்து ஆயில் பால் ஊற்றிய காபி மாதிரி ஆகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை புது கேஸ்கெட் போட்டு மூடுகிறார்கள். வண்டி ஓடுகிறது, எல்லாருக்கும் சந்தோஷம். சில வாரங்களில் ரேடியேட்டரில் மறுபடி குமிழி வருகிறது. உடனே கேஸ்கெட் டூப்ளிகேட் என்று கடைக்காரரிடம் சண்டை. வேறு பிராண்டு வாங்கி மறுபடி மூடுகிறார்கள், மறுபடி போகிறது. கேஸ்கெட்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை. முதல் நாளிலேயே ஹெட் வளைந்திருந்தது, அதை யாரும் பார்க்கவில்லை.

அலுமினியம் சூட்டில் நன்றாக விரியும். ஆனால் போல்ட்டுகள் அதை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அளவுக்கு மீறிச் சூடாகும்போது நீளவாக்கில் விரிய இடமில்லாமல் நடுப்பகுதி மேல்நோக்கி வளைகிறது. ஆறியபிறகு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இந்த அளவு எஞ்சினுக்கு அனுமதிக்கப்படுகிற வளைவு 0.05 மி.மீ. சாதாரண ஏ4 தாளின் தடிமனில் பாதி. கண்ணால் பார்த்தோ விரலால் தடவியோ இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. 'தடவிப் பார்த்தேன், சமமாத்தான் இருக்கு' என்று சொல்கிறவரிடம் வேறென்ன சொல்வது!

தேவைப்படுவது இரண்டே பொருள். ஒன்று, ஹெட்டைவிட நீளமான ஸ்ட்ரெயிட் எட்ஜ், அதாவது துல்லியமாக நேராக இருக்கும் சட்டம். பள்ளிக்கூட ஸ்டீல் ஸ்கேல் இதற்கு ஆகாது, அதுவே வளைந்திருக்கும். இன்னொன்று ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளின் செட். ஹெட்டின் முகத்தில் பழைய கேஸ்கெட்டின் ஒட்டோ கார்பனோ துளிகூட இல்லாமல் சுத்தம் செய்யுங்கள். ஒரு பொடி கார்பன் நின்றாலும் அளவு பொய்யாகும். பிறகு ஸ்ட்ரெயிட் எட்ஜை ஆறு கோட்டில் வையுங்கள்: நீளவாட்டில் இரண்டு ஓரம், அகலவாட்டில் இரண்டு முனை, மூலைக்கு மூலை இரண்டு. ஒவ்வொரு கோட்டிலும், குறிப்பாக சிலிண்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் குறுகலான இடத்தில், 0.05 தகட்டை அடியில் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் அந்த ஹெட் லேத்துக்குப் போக வேண்டும். பிளாக்கின் முகத்தையும் இதே மாதிரி அளக்க வேண்டும். ஹெட்டை அளப்பவர்கள்கூட பிளாக்கை மறந்துவிடுகிறார்கள்.

'போல்ட்டை இறுக்கினா தானா நேராயிடும்' என்று ஒரு வாதம் உண்டு. ஆறிய எஞ்சினில் ஓரளவு நேராகும், அதுதான் ஆபத்து. ஸ்டார்ட் ஆகும், தெருவை ஒரு சுற்று சுற்றி வரும். சூடேறியதும் நடுப்பகுதி மறுபடி தூக்கும், கேஸ்கெட்டின் மேலிருக்கும் பிடி அந்த இடத்தில் தளரும்.

லேத்தில் கொடுக்கும்போதும் கவனம் வேண்டும். ஃபேசிங் (முகத்தை இழைத்துச் சமமாக்குவது) செய்யச் சொல்வதோடு வந்துவிடாதீர்கள். எவ்வளவு குறைவாக எடுக்க முடியுமோ அவ்வளவு மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க எடுக்க கம்ப்ரஷன் ஏறும், பெட்ரோல் முறைதவறி எரிந்து எஞ்சின் தட்டும் (நாக்கிங்). கேம்ஷாஃப்ட்டும் கீழே இறங்குவதால் வால்வு டைமிங் கொஞ்சம் பிந்தும். இன்னொன்றை லேத்காரரே சில சமயம் சொல்ல மாட்டார். அடிப்பக்கம் வளைந்தால் மேலே கேம்ஷாஃப்ட் உட்காரும் துளைகளின் வரிசையும் கூடவே வளைந்திருக்கும். அடியை மட்டும் இழைத்தால் அது நேராகாது. வால்வுகளை அழுத்தும் ராக்கர்களை எடுத்துவிட்டு கேம்ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்காவது பிடித்தால் அந்த ஹெட்டை ஒதுக்கிவிடுவது நல்லது.

விரிசலையும் பாருங்கள். இரண்டு வால்வு சீட்டுகளுக்கு நடுவேதான் அதிகம் வரும். எரியறையில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தால் வால்வு சரியாக உட்காருகிறதா என்பதுதான் தெரியும், தண்ணீர் வழியில் இருக்கும் விரிசல் தெரியாது. அதற்குத் தண்ணீர் வழியில் அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் பிரஷர் டெஸ்ட் செய்ய வேண்டும். ஃபேசிங்குக்கு முன்பே செய்துவிடுங்கள், விரிசல் விட்ட ஹெட்டுக்கு ஃபேசிங் கூலி தண்டம். மாற்று ஹெட் தேடிப் பழைய உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டைக்குப் போனால் ஸ்ட்ரெயிட் எட்ஜைக் கையோடு கொண்டுபோங்கள். அங்கே கிடக்கும் ஹெட்டில் பாதி இதே காரணத்தால் கழற்றப்பட்டதாக இருக்கலாம்.

உப்புத்தாள்

ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டை எடுக்கச் சிலர் கிரைண்டரில் உப்புத்தாள் டிஸ்க் மாட்டுகிறார்கள். பளபளவென்று ஆகும், ஆனால் டிஸ்க் பட்ட இடமெல்லாம் பள்ளம். அதைவிட மோசம், அதிலிருந்து பறக்கும் தூள். ஆயில் வழிக்குள் போய் பேரிங்கை அரித்துவிடும். பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரோ, படுக்கையாகப் பிடித்த பிளேடோ போதும். சிலிண்டர்களிலும் ஆயில் துளைகளிலும் முதலில் துணியை அடைத்துக்கொள்ளுங்கள். மூடுவதற்கு முன் துணிகளை எண்ணி எடுங்கள்.

கேஸ்கெட் துளையைப் பெரிதாக்குவது

பிளாக்கில் தண்ணீர்த் துளை பெரிதாக இருக்கும், கேஸ்கெட்டில் அதே இடத்தில் சின்னதாக இருக்கும். 'கம்பெனிக்காரன் தப்பா வெட்டிட்டான்' என்று நினைத்து ட்ரில் போடுகிறார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் எவ்வளவு ஏற வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்த துளை அது. பெரிதாக்கினால் தண்ணீர் அங்கேயே குறுக்கு வழியில் மேலேறிவிடும், தூரத்தில் இருக்கும் சிலிண்டர் காயும். துளைகள் சுத்தமாகப் பொருந்தவே இல்லை என்றால் கேஸ்கெட்டைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள்.

போல்ட் குழியில் தண்ணீர்

ஹெட்டைத் தூக்கும்போது கூலன்ட் போல்ட் குழிகளில் இறங்கும். அடி மூடிய குழியில் திரவம் இருக்கையில் போல்ட்டை இறுக்கினால், திரவம் அமுங்காது. இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் 'டக்' என்று சொல்லும், ஹெட் உண்மையில் இறுகியிருக்காது. அதற்குமேல் பலம் கொடுத்தால் பிளாக்கே விரிசல் விடும். காற்றடித்து, துணி சுற்றிய குச்சியால் துடைத்து, அடிவரை காயவையுங்கள். போல்ட் மரையை கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கையாலேயே கடைசிவரை இறங்குகிறதா என்று பாருங்கள். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு, குறைந்தது மூன்று கட்டமாக டார்க். எந்த அளவு டார்க், எந்த வரிசை என்பதெல்லாம் உங்கள் மாடலின் மேனுவலில் இருப்பதுதான். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன எண் வேண்டாம்.

பேஸ்ட்

மேனுவல் கேட்காத வரை ஹெட் கேஸ்கெட்டுக்குக் கசிவடைக்கும் பேஸ்ட் கிடையாது.

போர் தண்ணீர்

கேஸ்கெட் ஏன் போனது என்று கேட்காமல் மாற்றினால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. சென்னை வண்டிகளில் பெரும்பாலும் பதில் ரேடியேட்டரில் இருக்கும். வேளச்சேரியிலும் தாம்பரம் பக்கமும் வருஷக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரின் குழாய்களில், வீட்டு வாளியில் படிவது போலவே வெள்ளை உப்புப் படிந்திருக்கும். வெளியே தண்ணீர் அடித்துக் கழுவினால் அது போகாது. அந்தக் குழாய்கள் (கோர்) அடைத்திருந்தால் ரேடியேட்டர் கடையில் திறந்து சுத்தம் செய்யக் கொடுங்கள். மூடியின் ரப்பரையும் பாருங்கள். 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் தண்ணீர் 118 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், ரப்பர் தேய்ந்துபோனால் 100-லேயே. ஃபேன் தானாக ஓடுகிறதா என்பதையும் சோதியுங்கள். திரும்ப நிரப்பும்போது டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்ட்டும் மட்டும்.

டைமிங் பெல்ட்

கிராங்க்ஷாஃப்ட்டையும் கேம்ஷாஃப்ட்டையும் இணைக்கும் பெல்ட் இது. அடையாளங்களைச் சேர்த்து பெல்ட்டை மாட்டியதும் சாவியைத் திருப்பாதீர்கள். கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் வைத்துக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, அடையாளங்கள் மறுபடி நேராக வருகின்றனவா பாருங்கள். எங்காவது தடுத்தால் பலம் கொடுக்காமல் நிறுத்துங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்குப் பிறகு

தண்ணீர் கலந்த ஆயிலை வடித்து, ஃபில்டரோடு மாற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அப்படியும் உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் புது ஆயிலில் கலக்கும். அதனால் முதல் தடவை விலை குறைந்த ஆயில் ஊற்றி, அரை மணி நேரம் ஓட்டிவிட்டு அதையும் வடித்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தே ஐடிலில் ஓடவிட்டு, காற்றுக் குமிழி அடங்கும்வரை நிரப்பிக்கொண்டே இருங்கள். குமிழி அடங்காமல் சீராக வந்துகொண்டே இருந்தால் அது காற்றில்லை, எரிந்த வாயு. மறுநாள் காலை, எஞ்சின் ஆறியபிறகு மட்டும், மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். டிப்ஸ்டிக்கையும் இழுத்துப் பாருங்கள்.